ஆலோசனைக் குழுக்களும் அரசு அளிக்கும் படியும்

மத்திய அரசின் அரசிதழில் முதற்பகுதியின் முதற்பிரிவைப் புரட்டிப் பார்ப்போர், பல்வேறு அமைச்சகங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களை அங்கே காண்பர். இன்ன பொருள் பற்றி அரசுக்கு ஆலோசனை கூற ஒரு குழு அமைக்கப்படுகிறது என்று தீர்மானம் தொடங்கும். தலைவர் பெயர், உறுப்பினர் பெயர்கள், ஆய்வுக்குரிய பொருள்கள், பதவிக்காலம் ஆகியவை வரிசையாக வரும். இறுதியில், ஏறத்தாழ எல்லாத் தீர்மானங்களுக்கும் பொதுவான ஒரு வாசகம் இருக்கும். குழுவின் அலுவல் சாரா உறுப்பினர்களுக்குத் துணை விதி 190 முதலியவற்றின்படி பயணப்படியும் நாட்படியும் வழங்கப்படும் என்பதே அது.

இவ்வாசகத்தை நின்று படிப்பவர் அரியர். குழு கூடுகிறது, பேசுகிறது, அறிக்கை தருகிறது. அறிக்கை ஏற்கப்பட்டதா என்று நாடாளுமன்றத்தில் வினா எழும். செய்தித்தாள்கள் தலையங்கம் தீட்டும். ஆனால் அக்குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பணம் சென்றது என்பது பெரும்பாலும் அமைச்சகத்தின் கோப்பைத் தாண்டி வெளியே வருவதில்லை. மறைக்க வேண்டும் என்று எவரும் முடிவு செய்ததால் ஏற்பட்ட நிலை அன்று இது. வெளியிட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, அவ்வளவே. அவ்வாறு சொல்ல வேண்டியதன் காரணங்களையும், அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில், பணத்தின் வகைகளைப் பிரித்தறிதல் நலம். பயணப்படியும் நாட்படியும் உறுப்பினர் தம் கையிலிருந்து செய்த செலவை ஈடுசெய்பவை. புவனேசுவரத்திலிருந்து தில்லிக்கு வந்து இரு நாள் தங்கித் திரும்பும் பேராசிரியர் இவற்றால் ஊதியம் ஈட்டுவதில்லை. அமர்வுப்படி வேறு வகை. ஒரு கூட்டத்தில் அமர்ந்து கருத்துக் கூறியமைக்காக வழங்கப்படுவது. மதிப்பூதியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாதந்தோறும் நிலையான தொகையாகவே அமையக்கூடும். வீடு, வாகனம், உதவியாளர் என்று பணமாகக் கைக்கு வராத வசதிகளும் உண்டு. செலவை ஈடுசெய்தலுக்கும் பயன் அளித்தலுக்கும் இடையிலுள்ள இக்கோடு, பின்னர் வரப்போகும் வாதத்திற்கு இன்றியமையாதது.

இத்தொகைகள் கணக்கில் ஏறும் விதத்தையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். உறுப்பினர் பயணச்சீட்டுடன் பட்டியலை அளிக்கிறார். கட்டுப்பாட்டு அலுவலர் மேலொப்பமிடுகிறார். பணம் பெற்று வழங்கும் அலுவலர் அதனைச் சம்பள, கணக்கு அலுவலகத்திற்கு அனுப்புகிறார். 1976-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்குப் பணி தணிக்கையிலிருந்து பிரிக்கப்பட்டு அமைச்சகங்களிடமே ஒப்படைக்கப்பட்டது முதல் இம்முறை நடைபெற்று வருகிறது. பயணப்படி ஒரு கணக்குத் தலைப்பிலும், அமர்வுப்படி வேறொரு தலைப்பிலும், கூட்டத்தில் வழங்கிய உணவும் தங்குமிடமும் மற்றொரு தலைப்பிலும் பற்றெழுதப்படுவதுண்டு. ஆகவே ஆண்டு முடிவில் வரவு செலவுத் திட்ட ஏடுகளைப் பார்த்து, இன்ன குழுவிற்கு இவ்வளவு செலவாயிற்று என்று எவராலும் கூற இயலாது. அமைச்சருக்கே அது உடனே தெரியவராது. தெரிய வேண்டுமானால் ஓர் எழுத்தர் பற்றுச்சீட்டுகளை உட்கார்ந்து கூட்ட வேண்டும். இன்று பொது நிதி மேலாண்மை முறை என்னும் மின்னணுக் கட்டமைப்பின் வழியாகப் பணம் நேரே வங்கிக் கணக்கிற்குச் செல்வதால், அந்தக் கூட்டல் முன்போல் கடினமானதன்று.

இரு உட்பிரிவுகளுக்கு இடையே

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஜூன் 15 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. குடிமகன் கேட்டால் தகவல் தருவது என்பதே இச்சட்டத்தின் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் 4-ஆம் பிரிவு, எவரும் கேளாமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பதினேழு உட்பிரிவுகளில் அடுக்கிக் கூறுகிறது.

அவற்றுள் எட்டாம் உட்பிரிவு நம் பொருளுக்கு நேராக உரியது. ஓர் அலுவலகத்தின் அங்கமாகவோ, அதற்கு ஆலோசனை கூறவோ அமைக்கப்பட்டுள்ள, இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவரைக் கொண்ட வாரியங்கள், மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் விவரத்தை வெளியிட வேண்டும். அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் அறிவிக்க வேண்டும் என்று அது பணிக்கிறது. பத்தாம் உட்பிரிவோ, அலுவலர், பணியாளர் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை வெளியிடச் சொல்கிறது.

இவ்விரண்டிற்கும் இடையில் விழுந்துவிட்டவர் ஆலோசனைக் குழுவின் அலுவல் சாரா உறுப்பினர். எட்டாம் உட்பிரிவில் அவருடைய குழு இருக்கிறது; பணம் இல்லை. பத்தாம் உட்பிரிவில் பணம் இருக்கிறது. ஆனால் அவர் அலுவலரும் அல்லர், பணியாளரும் அல்லர். பதினோராம் உட்பிரிவு, ஒதுக்கப்பட்ட நிதி, உத்தேசச் செலவு, செய்த பட்டுவாடா பற்றிய அறிக்கைகள் ஆகியவற்றைக் கேட்கிறது. இதில் உறுப்பினர் படியும் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. எனினும் அலுவலகங்கள் அங்கே மொத்தத் தொகையைத் தருவதோடு நின்றுவிடுகின்றன, பெயர்வாரியாகத் தருவதில்லை.

இதன் விளைவு சற்று விந்தையானது. ஓர் அமைச்சகத்தின் கடைநிலை ஊழியர் மாதம் எவ்வளவு பெறுகிறார் என்பதை எவரும் அவ்வமைச்சகத்தின் இணையதளத்தில் காணலாம். அந்த அமைச்சகத்தின் கொள்கையையே வகுத்துத் தரும் குழுவில் அமர்ந்திருப்பவர் எவ்வளவு பெற்றார் என்பதைக் காண இயலாது.

இதனினும் கூர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு. தகவல் உரிமை என்னும் கோரிக்கை நம் நாட்டில் நகரத்து அறிஞர் மன்றங்களில் மட்டும் வளர்ந்ததன்று. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. வேலைக்கு வந்தோரின் வருகைப் பட்டியலும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. யார் பெயரில், எத்தனை நாளுக்கு, எவ்வளவு கூலி என்பதே அங்கு எழுந்த வினா. பின்னர் 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்க் கோடிக்கணக்கான தொழிலாளரின் பெயர், வேலை செய்த நாள், பெற்ற கூலி ஆகிய யாவும் இணையத்தில் வெளியிடப்பட்டன. மண் சுமந்த பெண்ணின் கூலி உலகறிய வைக்கப்பட்டபோது, அது அவளுடைய தனிப்பட்ட விவரம் என்று எவரும் தயங்கவில்லை. பொதுப்பணம் என்பதால் பொதுமக்கள் அறியலாம் என்று கொண்டோம்; சரியாகவே கொண்டோம். அதே அளவுகோலைக் குளிரூட்டப்பட்ட அறையில் நடைபெறும் கூட்டத்திற்குப் பொருத்துவதில் மட்டும் நமக்குக் கூச்சம் ஏற்படுகிறது.

ஆதாயம் தரும் பதவி

ஆலோசனைக் குழு உறுப்பினர் பெறும் பணத்தை நம் சட்டம் நுணுகி ஆராயும் ஓர் இடம் உண்டு. உறுப்பினர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு, அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியை இழக்கிறார் என்கிறது. சட்டமன்றங்களுக்கு 191-ஆம் பிரிவு அவ்வாறே கூறுகிறது. அரசு தரும் பணத்திற்குக் கட்டுப்பட்டவர் அரசைத் தட்டிக் கேட்கமாட்டார் என்பதே இதன் உட்கருத்து. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறிவும் அனுபவமும் ஆலோசனைக் குழுக்களுக்குத் தேவைப்படுகின்றன. ஆகவே 1959-ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தகுதியின்மை தடுப்புச் சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. பொது முக்கியத்துவமுள்ள பொருள் பற்றி ஆலோசனை கூறத் தற்காலிகமாக அமைக்கப்பட்ட குழுவின் தலைவரோ உறுப்பினரோ ஈட்டுப்படியைத் தவிர வேறு ஊதியம் பெற உரிமையில்லாதவராயின், அவர் தகுதி இழக்கமாட்டார். ஈட்டுப்படி எது என்பதையும் அச்சட்டம் வரையறுக்கிறது: பயணப்படி, போக்குவரத்துப் படி, வீட்டு வாடகைப் படி, மற்றும் நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய அளவை மீறாத நாட்படி. அந்நாட்படி 2023 ஏப்ரல் 1 முதல் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் என்ன வழங்கப்படுகிறது என்பதை ஆராயவே நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் பொதுவான கூட்டுக்குழு ஒன்று இயங்கி வருகிறது.

இதன் கூர்மை 2006-இல் நாடு முழுவதும் தெரியவந்தது. மாநிலங்களவை உறுப்பினர் ஜெயா பச்சன், 2004 ஜூலையில் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத்தின் தலைவராக அமர்த்தப்பட்டிருந்தார். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், விருந்தோம்பலுக்கு மாதம் 10,000 ரூபாய், நாட்படி, வாகனம், உதவியாளர்கள், தங்குமிடம், மருத்துவ வசதி ஆகியன அப்பதவிக்கு உரியவையாக ஆணையில் குறிக்கப்பட்டிருந்தன. தாம் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் தரப்பு வாதம். 2006 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒருவர் உண்மையில் பணத்தைப் பெற்றாரா என்பதன்று வினா. அப்பதவியின்வழி பெறத்தக்க ஆதாயம் உண்டா என்பதே வினா என்று அது கருதியது. மதிப்பூதியம் என்று பெயரிட்டமையால் மட்டும் தன்மை மாறிவிடாது. பெயரை அன்றிப் பொருளையே நோக்க வேண்டும். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மேலும் பல பதவிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்தது. அம்மசோதாவைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பியதும், இரு அவைகளும் அதனை மீண்டும் நிறைவேற்றியதும் பலருக்கு நினைவிருக்கும்.

இங்கு நோக்கற்பாலது ஒன்று. மக்கள் பிரதிநிதிக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியம் அவருடைய இடத்தையே இழக்கச் செய்யும் அளவிற்குக் கனமானது. அதே குழுவில் அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் தொழிலதிபருக்கோ ஓய்வுபெற்ற அதிகாரிக்கோ அத்தொகை எவ்விளைவையும் தருவதில்லை. இருவருடைய பொறுப்பும் வேறு என்பதால் தகுதியிழப்பு ஒருவருக்கு மட்டும் என்பது நியாயமே. ஆனால் அறிவித்தல் கூடவா ஒருவருக்கு மட்டும்?

நிறுவனச் சட்டம் இவ்வகையில் நம்மை முந்திச் சென்றுவிட்டது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஓர் இயக்குநருக்குக் கூட்டம் ஒன்றிற்கு அமர்வுப்படியாக ஒரு லட்சம் ரூபாய்வரை தரலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் எதுவாயினும், அரசுத் துறை நிறுவனம் உட்பட, தன் ஆண்டறிக்கையில் இயக்குநர் ஒவ்வொருவரும் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார், எவ்வளவு பெற்றார் என்பதைத் தெரிவித்தாக வேண்டும். பத்துப் பங்குகள் வைத்திருப்பவருக்கு உள்ள அறிவு, வரி செலுத்தும் குடிமகனுக்கு மறுக்கப்படுவதைப் பொருளாதார மாணவன் எவ்வாறு விளக்குவான் என்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் கூட்டரசு ஆலோசனைக் குழுச் சட்டத்தின் பயனாக, எந்தக் குழுவில் யார் உள்ளனர், குழுவிற்கு ஆண்டில் எவ்வளவு செலவு என்பன தொகுத்து வெளியிடப்படுகின்றன.

பூஜ்யமும் ஒரு விவரமே

தொகை மிகச் சிறியது. இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று கேட்போர் உண்டு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கற்பனை செய்வோம். பதினைந்து உறுப்பினர் கொண்ட குழு ஆண்டில் ஆறு முறை கூடி, ஒவ்வொரு கூட்டத்திற்கும் 3,000 ரூபாய் அமர்வுப்படி தருவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு 2,70,000 ரூபாய். ஓர் அமைச்சகத்தின் செலவில் இது கடுகளவு. வீண்செலவைத் தடுப்பதே நோக்கமாயின் இக்கட்டுரையை எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆலோசனையின் விலையும் ஆலோசனையின் மதிப்பும் ஒன்றல்ல. 3,000 ரூபாய் பெற்றவர் கூறும் ஒரு சொல்லால் ஒரு மருந்து சந்தைக்கு வரலாம். ஓர் இறக்குமதித் தீர்வை குறையலாம். ஆகவே அறிய வேண்டியது, அவர் யாருக்காக அமர்ந்திருக்கிறார் என்பது. அரசு தந்த தொகையின் பட்டியல் இவ்வினாவிற்கு முதற்படி. ஓர் உறுப்பினர் பெயருக்கு எதிரே ஆண்டு முழுவதும் பூஜ்யம் என்று இருக்குமாயின், அவர் தொண்டுள்ளம் கொண்டு தம் செலவில் வந்தார் என்று கொள்ளலாம். அல்லது அவருடைய செலவை வேறு எவரோ ஏற்றனர் என்றும் கொள்ளலாம். இரண்டில் எது என்று கேட்பதற்கு, முதலில் அந்தப் பூஜ்யம் கண்ணில் பட வேண்டும்.

இது வெறும் ஐயம் அன்று. மத்திய மருந்துத் தர அமைப்பின் செயற்பாடு பற்றி, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2012 மே மாதத்தில் தன் 59-ஆவது அறிக்கையை அளித்தது. சில மருந்துகளுக்கு ஆதரவாக வெவ்வேறு ஊர்களிலுள்ள வல்லுநர்கள் அனுப்பிய கருத்துரைகள் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்ததை அக்குழு சுட்டிக்காட்டி, அவற்றை உண்மையில் எழுதியவர் யார் என்ற கேள்வியை எழுப்பியது. அதன்பின் வந்த சட்டங்கள் சிலவற்றில் இப்படிப்பினையின் சாயலைக் காணலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி, ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் பதவி ஏற்கும்போதும் விலகும்போதும் தம் சொத்தையும் கடனையும் தெரிவிப்பதோடு, தம் தொழில், வணிகத் தொடர்புகளையும் அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பு ஆணையத்தின் இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும். ஆணையத்திற்கு விதித்ததை ஆலோசனைக் குழுக்களுக்கும் எளிய வடிவில் விரித்தல் இயலாததன்று.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இளநிலை அதிகாரியாக இருந்தபோது, ஒரு குழுவிற்குச் செயலகப் பணி செய்து வந்தேன். அதில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். இரண்டாம் வகுப்பு ரயிலில் வருவார். உறவினர் வீட்டில் தங்குவார். அமர்வுப்படிக்கான படிவத்தைக் கையெழுத்திடாமலேயே திருப்பித் தந்துவிடுவார். குழுவின் அறிக்கை ஒரு தரப்பினருக்குக் கசப்பாக அமைந்தது. அரசுப் பணத்தில் கொழுத்தவர்கள் எழுதிய அறிக்கை என்று ஒரு பத்திரிகையில் கடிதம் வந்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. மறுப்பு அனுப்பலாமா என்று மேலதிகாரியைக் கேட்டேன். உறுப்பினர் படி பற்றிய விவரங்களை வெளியிடுவது வழக்கமில்லை என்றார் அவர். விதி எதுவும் தடுக்கவில்லை; வழக்கந்தான் தடுத்தது. பேராசிரியர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கூறவில்லை. ஆனால் அடுத்த குழுவிற்கு அழைத்தபோது உடல்நலம் இடந்தரவில்லை என்று எழுதிவிட்டார்.

படியை வெளியிட்டால் நல்லவர்கள் வரத் தயங்குவர் என்று கூறப்படும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

வெளியீட்டால் விளையக்கூடிய மற்றொரு நன்மை, படி குறைவாக இருப்பது வெளிப்படுதல். குறைந்தபட்ச ஊதியம் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் மத்திய ஆலோசனை வாரியத்தை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவ்வாரியத்தை 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தொடர்ந்து வைத்திருக்கிறது. முதலாளிகள் தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் அதில் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். கூட்டத்திற்காக இரு நாள் செலவிடும் நிறுவன மேலாளருக்குச் சம்பளம் பிடிக்கப்படுவதில்லை. நாட்கூலிக்கு உழைப்பவர் வந்தால் அவருக்கு இரு நாள் கூலி போகிறது. படி மிகக் குறைவாக இருக்கும் குழுவில், வேறு எங்கிருந்தோ சம்பளம் பெறுபவர்களும், தில்லியிலேயே குடியிருப்பவர்களுமே மிஞ்சுவர். மீனவரும் சிறு விவசாயியும் பட்டியலில் பெயராக இருப்பார்கள், கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். யார் எத்தனை கூட்டத்திற்கு வந்தார், எவ்வளவு பெற்றார் என்ற இரு விவரங்களையும் அருகருகே அச்சிட்டால் இவ்வுண்மை தானே விளங்கும். படியை உயர்த்துக என்று நிதியமைச்சகத்திடம் வாதாட அதனினும் நல்ல சான்று கிடைக்காது.

தனியுரிமை பற்றிய வினா

இனி, எளிதில் தள்ளிவிட இயலாத மறுப்பு ஒன்றிற்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு தனிப்பட்ட விவரங்களுக்கு விலக்கு அளிக்கிறது. முன்னர் இவ்விலக்கு, பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற விவரங்களுக்கும் தனியுரிமையைத் தேவையின்றிக் குலைக்கும் விவரங்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. நாடாளுமன்றத்திற்கு மறுக்க இயலாத விவரத்தைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வாசகமும் அங்கே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்பிரிவைச் சுருக்கி, தனிநபர் விவரம் என்ற அளவிலேயே விலக்கு அளிப்பதாக மாற்றியது. அம்மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்கும்போது விவரத்தைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு நீடிக்கிறது. ஆயினும் இன்று ஒரு குடிமகன் விண்ணப்பம் எழுதி, இன்ன உறுப்பினருக்கு எவ்வளவு படி தந்தீர் என்று கேட்டால், தகவல் அலுவலர் விலக்கைக் காட்டி மறுப்பதற்கு முன்பைவிட வசதி மிகுந்துவிட்டது. அலுவலரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஐயம் வரும்போது மறுப்பதே பாதுகாப்பு என்பது எழுதப்படாத அலுவலக நியதி.

ஆனால் அதே 2023-ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறையிலுள்ள சட்டப்படியான கடமையின் பேரில் பொதுவில் வைக்கப்பட்ட விவரங்களுக்குத் தான் பொருந்தாது என்றும் கூறுகிறது. இதனால் வாதத்தின் திசை தெளிவாகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டுப் பெறும் வழி குறுகியிருக்கையில், விதியின் மூலம் அரசே முன்வந்து வெளியிடும் வழி திறந்தே இருக்கிறது. இதற்குச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. 4-ஆம் பிரிவின் பதினேழாம் உட்பிரிவு, விதிகளால் குறிக்கப்படும் பிற தகவல்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. விதி வகுக்கும் அதிகாரம் 27-ஆம் பிரிவில் அரசுக்கு உண்டு. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பணியாளர், பயிற்சித் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அமைச்சர்களும் இணைச்செயலர் நிலையிலும் அதற்கு மேற்பட்ட நிலையிலும் உள்ள அதிகாரிகளும் மேற்கொண்ட உள்நாட்டு, வெளிநாட்டு அலுவல் பயணங்களின் விவரத்தையும் செலவையும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெளியிடுமாறு கூறின. வழிகாட்டு நெறிக்கும் விதிக்கும் வலிமையில் வேறுபாடு உண்டு என்பது வேறு செய்தி. அமைச்சரின் பயணச் செலவை வெளியிடலாம் எனின் உறுப்பினரின் பயணப்படியை வெளியிடலாகாது என்பதற்கு நியாயம் காண்பது கடினம்.

வெளியிட வேண்டியது உறுப்பினரின் வங்கிக் கணக்கு எண்ணோ வீட்டு முகவரியோ வருமான வரி விவரமோ அன்று. குழுவின் பெயர், அமைத்த தீர்மானத்தின் நாள், உறுப்பினர் பெயர், அவர் எந்தத் தரப்பின் சார்பில் அமர்த்தப்பட்டார், நடந்த கூட்டங்கள், அவர் வந்த கூட்டங்கள், செலவை ஈடுசெய்த தொகை, அமர்வுப்படி அல்லது மதிப்பூதியம், பணமல்லாத வசதிகள் ஆகியவை போதும். ஈட்டுத் தொகையையும் பயன் தொகையையும் தனித்தனிக் கட்டத்தில் காட்டாவிடில், தொலைவிலிருந்து விமானத்தில் வரும் ஐஸ்வால் பேராசிரியர் பெரும்பணம் பெற்றவர்போலவும், உள்ளூர்க்காரர் எளியவர்போலவும் தோன்றிவிடும்; இப்பிழைக்கு இடந்தரலாகாது. பணம் பெறாதவர் பெயரை விட்டுவிடாமல், அவருக்கு நேரே 'இல்லை' என்று எழுத வேண்டும். காலாண்டுதோறும் ஒரு பக்கத்திற்கு மேற்படாத பட்டியல் இது. பணம் பெற்று வழங்கும் அலுவலரிடம் இவ்விவரங்கள் யாவும் ஏற்கெனவே உள்ளன. குழுவின் செயலகம் வருகைப் பதிவை அவருக்கு அனுப்பிவைத்தால், பிரிவு எழுத்தர் ஒருவருக்கு அரைநாள் வேலை.